‘கன்’ என்னும் சொல்: பெயரும் தொழிலும்

சொற்பிறப்பை ஒலிமாற்றங்களின் கதையாக மட்டும் நோக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. ஒரு சொல்லை வழங்கியோர் யாவர், எத்தொழிலின்போது வழங்கினர் என்னும் வினாக்கள் அகராதிகளின் ஓரத்திலேயே ஒதுங்கிவிடுகின்றன. துவக்கையும் பீரங்கியையும் ஒருங்கே குறிக்கும் ‘கன்’ என்ற ஆங்கிலச் சொல்லை இவ்வினாக்களோடு அணுகுதல் பயனுடையது.

வின்ட்சர் கோட்டையில் 1330ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட படைக்கலப் பட்டியலொன்று, கொம்பினாலமைந்த பெரியதோர் எறிபொறியை ‘டொமினா குனில்டா’, அதாவது குனில்டா சீமாட்டி, எனக் குறிக்கின்றது. அது இராட்சத வில். வெடிமருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘குன்ஹில்டர்’ என்பது ஸ்கண்டிநேவியப் பெண்பெயர். அதன் இரு கூறுகளுமே போரைக் குறிப்பன. இப்பெயரின் குறுக்கமே ‘கன்’ என்பது அறிஞர் பலர் ஏற்கும் முடிபு. இச்செல்லப்பெயரை இட்டவர்கள், பொறியை இழுத்தும் முறுக்கியும் உழைத்தவர்களாகவே இருத்தல் வேண்டுமென நாம் கருதுகின்றோம். சீமாட்டி என்ற மரியாதையிலே கிண்டலும் கலந்திருக்கக்கூடும். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே சொல் வெடிமருந்துக் கருவிக்கு மாறிவிட்டது. சோசரின் கவிதையில் அது குண்டின் வேகத்துக்கு உவமையாக வருகின்றது. கருவி மாறியது, பெயர் நிலைத்தது.

மரபுத்தொடர்களில் இவ்வுழைப்பின் சுவடு மேலும் தெளிவாகப் புலப்படும். ‘லொக், ஸ்டொக் அன்ட் பரல்’ என்பதற்கு ‘ஒன்றும் எஞ்சாமல் முழுவதும்’ என்பது பொருள். தீமூட்டும் விசைப்பொறி, மரக்கட்டை, இரும்புக்குழல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பழைய துவக்கு. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் பேர்மிங்காம் நகரில் இம்மூன்றும் ஒரே கையிற் பிறக்கவில்லை. விசை செய்வோர், குழல் செய்வோர், கட்டை பொருத்துவோர் எனத் தொழிலாளர் வெவ்வேறு பட்டறைகளிற் பிரிந்து உழைத்தனர். அவ்வாறு உருவான துவக்குகளிற் பெருந்தொகையானவை மேற்கு ஆபிரிக்காவுக்குச் சென்று அடிமை வணிகத்திற் பண்டமாற்றாயின. முழுமையைக் குறிக்கும் தொடர் இப்பிரிவினையை முற்றாக மறைத்துவிட்டமை நோக்கற்பாலது.

‘ஃபிளாஷ் இன் த பான்’ என்பது கிண்ணியிலிட்ட மருந்து மட்டும் பளிச்சிட்டெரிந்து, குழலிலுள்ள மருந்து பற்றாமற் போவதிலிருந்து வந்தது. ஆரவாரத்தோடு தோன்றி அடங்கும் முயற்சிகளைச் சுட்டும். ‘ஸ்டிக் டு யுவர் கன்ஸ்’ இதனினும் சிந்தனைக்குரியது. எதிரியின் குண்டுமாரியிலும் பீரங்கியை விட்டகலாத படையாளின் நிலை, தன் கருத்தில் உறுதியாக நிற்றல் என்ற பொருளைப் பெற்றது. விட்டோடினால் இராணுவத் தண்டனை காத்திருந்தது என்பதைத் தொடர் சொல்வதில்லை. கட்டாயம் இங்கே தனிமனிதப் பண்பாக உருமாறிவிடுகின்றது.

1914 ஓகஸ்ட்டில் லியேஜ் அரண்களைத் தகர்த்த ஜேர்மானியரின் 42 சென்ரிமீற்றர் பீரங்கியும் ‘பெரிய பேர்த்தா’ எனப் பெண்பெயர் பூண்டது. இம்முறை பெயருக்குரியவர் பழங்கதைச் சீமாட்டியல்லர். அதனை உற்பத்திசெய்த குறுப் நிறுவனத்தின் உரிமையாளரான பேர்த்தா குறுப்.

நமது மொழியிலோ பெயரிடல் வேறு வழியிற் சென்றது. ஈழத்தில் வழங்கும் ‘துவக்கு’, தமிழகத்துத் ‘துப்பாக்கி’ ஆகிய இரண்டும் துருக்கிய மூலத்தின. ‘பீரங்கி’யோ ‘பரங்கி’யோடு ஒரே வேருடையது: ஐரோப்பியனைச் சுட்டிய சொல்லே அவனது ஆயுதத்துக்கும் பெயராயிற்று.