சட்டம் திறந்த சாலை: ஸ்டேஜ்கோச்சின் வளர்ச்சியும் ஒடுக்கமும்

நம் ஊர்ப் பேருந்துகளில் நடத்துநர் கட்டணம் கணக்கிடுகையில் 'ஸ்டேஜ்' என்னும் சொல்லைக் கையாள்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். இச்சொல் மோட்டார் வண்டிக்கும் முற்பட்டது. இங்கிலாந்தில் குதிரைவண்டிகள் நெடுந்தொலைவு ஓடிய காலத்தில், களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுப் புதிய குதிரைகளைப் பூட்டுவதற்கு வழிநெடுக நிலைகள் இருந்தன. ஒரு நிலைக்கும் மறு நிலைக்கும் இடைப்பட்ட தொலைவு ஸ்டேஜ். அவ்வாறு நிலைதோறும் நின்று ஓடிய வண்டி ஸ்டேஜ்கோச். ஆங்கிலேயர் ஆட்சியில் 1939இல் இயற்றப்பட்ட இந்திய மோட்டார் வாகனச் சட்டமும் பயணிகள் பேருந்தை 'ஸ்டேஜ் காரியேஜ்' என்றே குறித்தது. அந்தப் பழஞ்சொல்லைத் தன் பெயராகச் சூடிக்கொண்டு ஸ்காட்லாந்தில் தோன்றி, ஐந்து கண்டங்களில் பேருந்து ஓட்டி, பிரிட்டனின் தொடர்வண்டிகளையும் கைக்கொண்ட நிறுவனம் ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம்.

இத்தகைய வரலாறுகளை ஒரு தனிமனிதரின் திறமைக் கதையாகச் சொல்வது வழக்கம். திறமை இங்கும் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்நிறுவனத்தின் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்பாக ஒரு சட்டம் நிற்பதை ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போர் உணர்வர்.

பிரிட்டனில் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பேருந்துத் தொழிலுக்கு ஒழுங்கு விதித்தது. எந்த வழித்தடத்தில் யார் ஓட்டுவது, என்ன கட்டணம் வாங்குவது என்பவற்றை உரிமம் வழங்கும் ஆணையர்களே முடிவு செய்தனர். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசியப் பேருந்து நிறுவனம் உருவானபின், இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் பேருந்துகளில் பெரும்பகுதி பொதுத்துறைக்கு உரியதாயிற்று. நகராட்சிகளும் தத்தம் ஊர்களில் பேருந்துகளை நடத்தின. புதியவர் ஒருவர் இத்தொழிலில் நுழைவது அரிது என்பதே ஐம்பது ஆண்டுக்கால நிலை.

மார்கரெட் தாட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், நெடுந்தொலைவுப் பேருந்துகளுக்கு இந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த அக்டோபர் மாதத்திலேயே ஸ்டேஜ்கோச்சின் வண்டி டண்டி நகரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. பெர்த் நகரைச் சேர்ந்த உடன்பிறப்புகளான பிரையன் சௌட்டரும் ஆன் குளோகும், ஆனின் கணவர் ராபின் குளோகும் சேர்ந்து தொடங்கிய தொழில் இது. சௌட்டரின் தந்தை பேருந்து ஓட்டுநர். சௌட்டரே மாணவப் பருவத்தில் நடத்துநராகப் பணியாற்றிப் பின்னர்க் கணக்காயர் ஆனவர். தமக்கை ஆன் செவிலியர். பழைய வண்டிகளை வாங்கிப் பழுதுபார்த்து, பயணிகளுக்குச் சிற்றுண்டியும் கொடுத்து, குறைந்த கட்டணத்தில் இரவுப் பயணம் நடத்தினர். தொடர்வண்டிக் கட்டணம் எட்டாத மாணவர்களுக்கும் எளியோர்க்கும் லண்டன் கைக்கெட்டியது. இதை அந்நிறுவனத்தின் நற்பேறான தொடக்கம் எனலாம்.

அடுத்த சட்டம் 1985இல் வந்தது. அதன்படி 1986 அக்டோபர் 26 முதல் லண்டனுக்கு வெளியே உள்ளூர்ப் பேருந்துகளுக்கும் வழித்தட உரிமம் தேவையற்றதாயிற்று. 42 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எவரும் எவ்வழியிலும் ஓட்டலாம். அதே சட்டம் தேசியப் பேருந்து நிறுவனத்தைத் துண்டுதுண்டாக விற்கவும் ஆணையிட்டது. எழுபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக அது 1986க்கும் 1988க்கும் இடையில் விற்கப்பட்டது. ஸ்டேஜ்கோச் 1987இல் ஹாம்ப்ஷயர் பஸ், கம்பர்லேண்ட், யுனைட்டட் கவுண்டீஸ் ஆகிய மூன்றை வாங்கியது. சௌத்தாம்ப்டன் நகரின் நடுவிலிருந்த பேருந்து மனை விற்கப்பட்டு, அத்தொகை மேலும் வாங்குவதற்கான முதலாயிற்று. பொதுப்பணத்தில் பல பதிற்றாண்டுகளாகச் சேர்ந்த பணிமனைகள், மனைகள், பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள், ஒவ்வோர் ஊரிலும் வேரூன்றிய வழித்தடங்கள் ஆகிய அனைத்தும் ஒருசேரக் கைமாறின. ஒரு நிறுவனம் ஏழே ஆண்டுகளில் சில பழைய வண்டிகளிலிருந்து பெருந்தொழிலாக உயர்ந்ததன் உட்பொருள் இதுவே. 1993இல் அது பங்குச்சந்தைக்கும் வந்தது.

போட்டி பெருகினால் பயணி பயன்பெறுவார் என்பதே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் நம்பிக்கை. அந்நம்பிக்கை சோதனைக்கு உள்ளான ஊர் டார்லிங்டன். உலகின் முதல் பொதுத் தொடர்வண்டிகளுள் ஒன்று 1825இல் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே ஓடியது. போக்குவரத்து வரலாற்றில் அவ்வூருக்குத் தனி இடம் உண்டு. 1994இல் அந்நகராட்சி தன் பேருந்து நிறுவனத்தை விற்க முன்வந்தது. வேறொரு நிறுவனம் தேர்வு பெற்றது. ஸ்டேஜ்கோச்சின் கிளை நிறுவனமான பஸ்வேஸ் அதன்பின் செய்தவை இரண்டு: நகராட்சி நிறுவனத்தின் ஓட்டுநர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துத் தன்பால் இழுத்துக்கொண்டது, அதே வழித்தடங்களில் கட்டணமின்றி வண்டிகளை ஓட்டியது. கட்டணமில்லா வண்டி நிற்கும்போது காசு கொடுத்து மற்றொன்றில் ஏறுவோர் யார்? விற்பனை முறிந்தது, நகராட்சியின் பேருந்து நிறுவனம் சில நாள்களில் நொடித்துப்போயிற்று. பிரிட்டனின் தனியுரிமை, இணைப்பு ஆணையம் 1995இல் அளித்த அறிக்கையில் இச்செயலைப் பொதுநலனுக்கு எதிரானதெனக் கடுஞ்சொற்களால் கண்டித்தது. ஆயினும் கண்டனம் வந்தபோது, காக்கப்பட வேண்டிய நிறுவனம் உயிரோடு இல்லை. இலவசமாகப் பயணம் செய்த அந்தச் சில நாள்களுக்கு டார்லிங்டன் மக்கள் கொடுத்த விலை, தங்கள் ஊருக்கென இருந்த பேருந்து நிறுவனம்.

தொடர்வண்டியிலும் இதே நிரல். 1993ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டம் பிரிட்டிஷ் இரயிலைப் பிரித்தது. 1996 பிப்ரவரி 4 அன்று, தனியார் குத்தகையின்கீழ் ஓடத் தொடங்கிய முதல் தொடர்வண்டிகளுள் ஸ்டேஜ்கோச்சின் சௌத் வெஸ்ட் டிரெயின்ஸ் இருந்தது. செலவைக் குறைக்க ஓட்டுநர் எண்ணிக்கையைக் குறைத்ததால் 1997இல் வண்டிகளை ஓட்ட ஆளின்றிப் பல சேவைகள் இரத்தாயின. பேருந்தில் செல்லுபடியான கணக்கு தொடர்வண்டியில் செல்லவில்லை. புதிய ஓட்டுநர் ஒருவருக்கு வழித்தடமும் சைகைகளும் பழக மாதக்கணக்கில் பயிற்சி தேவை.

அதே 1996இல் நிகழ்ந்த மற்றொரு வணிகம் இன்னும் எண்ணத்தக்கது. பெட்டிகளையும் எஞ்சின்களையும் வாடகைக்கு விடும் போர்ட்டர்புரூக் நிறுவனத்தை அரசு ஆண்டுத் தொடக்கத்தில் 52.7 கோடி பவுண்டுக்கு விற்றிருந்தது. சில மாதங்களில் ஸ்டேஜ்கோச் அதை 82.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஒரு பெட்டிகூடக் கூடவில்லை. கூடியது விலை மட்டுமே.

கடல் கடந்த விரிவும் இக்காலத்ததே. 1989இல் மலாவி, 1991இல் கென்யா, 1992இல் நியூசிலாந்தின் வெலிங்டன், 1996இல் சுவீடனின் சுவீபஸ், 1999இல் ஹாங்காங்கின் சிட்டிபஸ் என நிறுவனம் பரந்தது. 1998இல் வர்ஜின் இரயில் குழுமத்தில் 49 விழுக்காட்டுப் பங்கும் அதன் கைக்கு வந்தது. 1999இல் கோச் யுஎஸ்ஏ நிறுவனத்தைக் கடன்களையும் சேர்த்து ஏறத்தாழ 180 கோடி டாலருக்கு வாங்கியதோடு இப்பரவல் உச்சம் தொட்டது. அதுவே சரிவின் தொடக்கமுமாயிற்று. பிரிட்டனில் நிறுவனத்திற்குத் துணைநின்ற சூழல் அங்கில்லை. கோச் யுஎஸ்ஏ பல சிறு வாடகைப் பேருந்து நிறுவனங்களின் தொகுப்பு. நாள்தோறும் தவறாமல் ஏறும் உள்ளூர்ப் பயணி அதற்குக் குறைவு. பங்கின் விலை வீழ்ந்தது. விலகியிருந்த சௌட்டர் 2002இல் மீண்டும் தலைமைப் பொறுப்பேற்றார். கென்யா 1998இலும், சுவீடன் 2000இலும், ஹாங்காங் 2003இலும், நியூசிலாந்து 2005இலும் கைவிட்டுப் போயின.

மீட்சிக்கு உதவியது பழைய உத்தியே. 2003இல் தொடங்கிய மெகாபஸ், இணையவழி முன்பதிவில் ஒரு பவுண்டு முதல் பயணச்சீட்டு விற்றது. 2006இல் அமெரிக்காவிற்கும் சென்றது. டண்டியிலிருந்து புறப்பட்ட அந்த முதல் இரவுவண்டியின் வாரிசு இது. மலிவாகப் பயணம் செய்யவேண்டிய மக்கள் எங்கும் உளர் என்பதை இந்நிறுவனம் மறக்காதிருந்த இடங்களிலெல்லாம் அது நிலைபெற்றது.

இவ்விடத்தில் லண்டனை ஒப்புநோக்குதல் தகும். 1986இன் கட்டற்ற போட்டி லண்டனுக்குப் பொருந்தவில்லை. அங்கே வழித்தடம், கட்டணம், கால அட்டவணை மூன்றையும் பொது அமைப்பே வகுக்கும். தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின்கீழ் வண்டி ஓட்டும். ஸ்டேஜ்கோச்சும் 1994 முதல் அங்கே ஓட்டியது. 2006இல் தன் லண்டன் தொழிலை ஏறத்தாழ 26 கோடி பவுண்டுக்கு விற்று, 2010இல் 6 கோடிக்கும் சற்றுக் குறைவாகத் திரும்ப வாங்கியது வணிகச் சாமர்த்தியத்துக்குச் சான்று. நமக்கு முதன்மையானது வேறு: முப்பது ஆண்டுகளில் லண்டன் பேருந்துகளில் பயணிகள் பெருகினர், மற்றப் பெருநகர்ப் பகுதிகளிலோ ஏறத்தாழப் பாதியாயினர். கார்களின் பெருக்கமும் அதற்கொரு காரணமே. ஆயினும் ஒரே நிறுவனம் இரு விதிகளின்கீழ் இரு வகையாக நடந்துகொண்டது என்பதை மறக்கலாகாது. ஓட்டுபவர் தனியாரா அரசா என்பதைக் காட்டிலும், எங்கே எப்போது வண்டி ஓடவேண்டும் என்று முடிவுசெய்பவர் யார் என்பதே பயணியின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. 2015இல் வர்ஜினுடன் சேர்ந்து ஏற்ற கிழக்குக் கடற்கரைத் தடம், எதிர்பார்த்த வருவாய் வராமல் 2018இல் அரசிடமே திரும்பியது. 2019இல் ஓய்வூதியச் சுமை பற்றிய பிணக்கில் அடுத்த குத்தகைகளுக்கான போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்கத் தொழிலும் விற்கப்பட்டது. 2022இல் ஜெர்மானிய டிடபிள்யூஎஸ் நிறுவனத்தின் உள்கட்டமைப்பு நிதியம் 59.5 கோடி பவுண்டுக்கு ஸ்டேஜ்கோச்சையே வாங்கியது. 2017ஆம் ஆண்டுப் பேருந்துச் சட்டத்தைப் பயன்படுத்தி மான்செஸ்டர் பெருநகரம் தன் பேருந்துகளைப் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது ஸ்டேஜ்கோச் வழக்காடித் தோற்றது. 2025 சனவரியில் அப்பணி நிறைவுற்றது. அங்கே இன்று ஓடும் மஞ்சள் வண்டிகள் பலவற்றை ஒப்பந்தத்தின்கீழ் ஓட்டுவதும் அதே ஸ்டேஜ்கோச்தான். 1996இல் அது ஏற்ற தென்மேற்குத் தடமோ, இடையில் வேறொருவர் கைக்குச் சென்று, 2025 மே 25 அன்று பொதுவுடைமையாயிற்று.

சட்டம் திறந்த கதவு வழியே வந்த நிறுவனம், சட்டம் மாறியபோது தன்னையும் மாற்றிக்கொண்டது. அதில் வியப்பில்லை, நிறுவனத்தின் இயல்பு அது. குதிரைவண்டிக் காலத்தில் நிலைதோறும் குதிரைகள் மாறின; பயணி மாறவில்லை. காரில்லாத முதியவரும், விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தொழிலாளியும் நிறுத்தத்தில் நிற்கின்றனர். வண்டியின் உடைமை எவருடையது என்று அவர்கள் கேட்பதில்லை. வருமா என்றே கேட்கின்றனர். அதற்கு விடை சொல்லும் பொறுப்பு யாருக்கு உரியது என்பதை எழுதிவைப்பதே சட்டம் இயற்றுவோரின் முதற்கடமை என்பதை இந்த வரலாறு நமக்கு உணர்த்துகிறது.