பழைய அபார்ட்மென்ட்னா ஸ்ட்ராங்கா?

அஸ்தம்பட்டி பக்கம் ஃபிளாட் பார்க்கறேன்னு சொன்னா, பெரியவங்க எல்லாரும் ஒரே அட்வைஸ்தான் தர்றாங்க. "பழசா பாருப்பா. அந்தக் காலத்து வேலையே வேற. இப்ப கட்டுறதெல்லாம் அட்டைப்பெட்டி." இருபது வருஷம் இ.எம்.ஐ. கட்டப்போற சமாச்சாரம். அதனால இது எவ்வளவு தூரம் நிஜம்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தேன்.

புதுசைத் திட்டுறவங்க கையில ஆதாரம் இல்லாம இல்லைங்க. 2014 ஜூன் 28-ல சென்னை மௌலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துடுச்சு. 61 பேர் செத்தாங்க. பக்கத்துல இருந்த ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர்ல வெடி வச்சுத் தகர்த்தாங்க. 2021-ல புளியந்தோப்பு கே.பி. பார்க் புதுக் குடியிருப்புல கையால சுரண்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை டி.வி.யில பார்த்திருப்பீங்க.

ஆனா அதே 2021 டிசம்பர் 27-ல திருவொற்றியூர்ல விழுந்த குடியிருப்பு, 1993-ல கட்டினது. 24 வீடு போச்சு. விரிசலைப் பார்த்து ஜனங்க முன்னாடியே வெளிய வந்ததால உயிர் தப்பினாங்க. அப்போ அதுக்கு வயசு வெறும் 28.

சட்டப்புத்தகத்தைப் பார்த்தா புதுசுக்குத்தான் மார்க் அதிகம். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதியில, 1978 பதிப்புப்படி கம்பி கட்டின கான்கிரீட்டுக்கு எம்15 தரமே போதும். 2000-ல அதைக் குறைந்தபட்சம் எம்20 ஆக்கிட்டாங்க. அதாவது 28 நாள் கழிச்சு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கணும்.

2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்துல, மையத்துல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளியிருந்த அகமதாபாத்லகூட அடுக்குமாடிகள் விழுந்துச்சு. அதுல நிறைய, கீழ சுவரே இல்லாம தூண் மட்டும் நிறுத்தி கார் பார்க்கிங் விட்ட கட்டடங்கள். அடுத்த வருஷமே ஐ.எஸ். 1893 அந்த மாதிரித் தூண்களுக்குக் கூடுதல் பலம் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி பார்க்கிங் விட்டுக் கட்டின பழைய ஃபிளாட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் போட்டிருக்க வாய்ப்பு கம்மி.

அப்புறம் ஏன் பழசு ஸ்ட்ராங்கா தெரியுது? மோசமா கட்டின பழசெல்லாம் எப்பவோ இடிஞ்சு போச்சுங்க. நல்லா கட்டினது மட்டும்தான் இன்னிக்கு நம்ம கண்ணு முன்னாடி நிக்குது!

விதி பேப்பர்ல இருந்தா மட்டும் போதாது. கான்கிரீட் கலக்குற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாது, தாண்டினா உள்ள கம்பி துருப்பிடிக்கும். சேலத்துல கடல் உப்புக்காத்து இல்லை, ஆனா போர்த்தண்ணியை டெஸ்ட் பண்ணாம ஊத்துனா அதே கதிதான். தண்ணி ஊத்தி நனைக்கிறதை அவசரத்துல நாலு நாள்ல நிறுத்துனாலும், எம்20 பில்லுல மட்டும்தான் இருக்கும்.

அதனால என் கணக்கு இதுதான். புதுசுன்னா, மண் பரிசோதனை, கான்கிரீட் க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட் ரெண்டையும் கேளுங்க. ரெரா சட்டப்படி ஒப்படைச்சதுல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சா, பில்டர் இலவசமா சரிபண்ணித் தரணும். பழசுன்னா அந்தப் பாதுகாப்பு கிடையாது. மொட்டைமாடி, பாத்ரூமுக்குக் கீழ உள்ள சீலிங், பார்க்கிங் தூண் மூணையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. ரெண்டுலயும் பெயின்ட்டைப் பார்த்து அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.