கான்சாகிபின் வழக்கு

1997-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் இங்கிலாந்து ராணி எலிஸபெத் சென்னைக்கு வந்திருந்தபோது, எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் நடந்த ஒரு சினிமாத் தொடக்க விழாவுக்கும் போனார். படத்தின் பெயர் 'மருதநாயகம்'. எடுக்க முனைந்தவர் கமல்ஹாசன். கும்பினிக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கும்பினிப் படையின் கையிலேயே சிக்கி, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கில் தொங்கியவனுடைய கதை அது. அதைத் தொடங்கி வைக்க இங்கிலாந்து ராணியே வந்ததை வேடிக்கை என்பதா, பிராயச்சித்தம் என்பதா? அவரவர் மனசுக்குப் பிடித்தபடி வைத்துக் கொள்ளலாம். படம் வளரவில்லை. சில காட்சிகளோடு, பணத் தட்டினால் நின்று போயிற்று.

நின்று போன படத்துக்காக நான் அழப் போவதில்லை. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். இந்த மனிதனை வைத்துக் கதை பண்ணுகிறவன் சதியைக் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. பத்து வருஷ இடைவெளியில் இரண்டு சதிகள் சரித்திரத்திலேயே தயாராக இருக்கின்றன. ஒன்றில் அவன் தப்பினான், மற்றதில் செத்தான். இரண்டுக்கும் நடுவில் மாறியது எது என்பதுதான் விஷயம்.

ராமநாதபுரம் சீமையில் பனையூர் அவன் ஊர். வேளாளர் வீட்டுப் பிள்ளை, பெயர் மருதநாயகம், பிறகு முஸ்லிம் ஆனான் என்பது வழிவழியாக வரும் பேச்சு. கும்பினிக் கணக்கில் அவன் முகமது யூசுப் கான். ஜனங்களுக்குக் கான்சாகிபு. கிளைவ் ஆற்காட்டில் பெயர் வாங்கிய காலத்தில் இங்கிலீஷ்காரர் பக்கம் வந்து சேர்ந்து, திருச்சிராப்பள்ளிச் சண்டையில் மேஜர் லாரன்ஸின் வலது கை ஆனான். அந்தச் சண்டையில் பீரங்கியை விட அரிசி முக்கியம். ஸ்ரீரங்கத்தில் மைசூர்க்காரனும் பிரெஞ்சுக்காரனும் உட்கார்ந்துகொண்டு வழியை அடைத்துவிட்டால், கோட்டைக்குள் இருப்பவன் பட்டினியால் கதவைத் திறக்க வேண்டியதுதான். மாட்டு வண்டிகளை இருட்டில், எதிரிக்குத் தெரியாத பாதைகளில் ஓட்டி வந்து சேர்த்த ஆசாமி கான்சாகிபு.

இந்த அரிசி மூட்டைகள்தான் முதல் சதிக்குக் காரணம். பொன்னியப்பன் என்று லாரன்ஸுக்கு ஒரு துபாஷி. துபாஷி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளன் அல்ல; துரை எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதை நிர்ணயிக்கிறவன். 1754-இல் இவன் மைசூர்க்காரனோடு கூடிப் பேசி, கான்சாகிபை ஒழித்தால் இங்கிலீஷ்காரன் பட்டினியால் விழுவான் என்று யோசனை சொன்னான். கான்சாகிபு கோட்டையைக் காட்டிக் கொடுக்கச் சம்மதித்ததாக மைசூர்த் தரப்பிலிருந்து அவனுக்கே ஒரு கடிதம் எழுதப்பட்டது. அது இங்கிலீஷ்காரர் கையில் அகப்படும்படியும் செய்யப்பட்டது. சந்தேகம் கான்சாகிபின் மேல் விழுந்தது. நிறத்தாலும் மதத்தாலும் அன்னியன், நேற்று வந்து சேர்ந்தவன், கையில் படை வைத்திருப்பவன். நம்ப மறுப்பதை விட நம்புவதுதான் சுலபம்.

லாரன்ஸ் நம்பிவிடவில்லை, விசாரித்தார். கடிதம் பொய் என்றும் அதன் வேர் எங்கே என்றும் தெரிந்தது. பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான். கான்சாகிபு கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவன் ஆனான்.

இங்கே ஒரு வார்த்தை. அவனைத் தியாகி என்று மாலை போட என் கை எழவில்லை. 1756 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி வாங்க அனுப்பப்பட்டவன் அவன். தெற்கத்திப் பாளையக்காரர்களுக்கு அவன் கும்பினியின் கத்திதான். பூலித்தேவரின் நெற்கட்டான்செவலை 1761-இல் விழ வைத்தவனும் அவனே. மதுரையில் ஏரி குளங்களைச் செப்பனிட்டான், மீனாட்சி கோயிலுக்கு மானியத்தைத் திருப்பிவிட்டான் என்பதும் வாஸ்தவம். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தான்.

மதுரைக் கதையில் நாகப்பட்டினத்துக்காரனுக்கு என்ன ஜோலி என்று கேட்பவர்கள், எங்கள் ஊரிலிருந்து திருவாரூருக்குப் போகும் பஸ்ஸில் ஏறிக் கீழ்வேளூரில் இறங்க வேண்டும். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்த வழியாகத்தான் போனான். பிறப்பால் பாதி ஐரிஷ்காரன், கோபக்காரன், கையில் தம்படி கிடையாது. தஞ்சாவூர் ராஜா பிரதாபசிங்கிடம் 56 லட்ச ரூபாய்ப் பழைய பத்திரம் ஒன்றுக்குப் பணம் கேட்கப் புறப்பட்டான். நாகூரில் சரக்குகளைச் சூறையாடினான். கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடிக் குளத்தைத் தோண்டினான்; விக்கிரகங்கள் பித்தளையாய்ப் போயின. ஒற்றர்கள் என்று சந்தேகித்து அங்கே ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டான். விசாரணை? படை நகரும் அவசரத்தில் அதற்கு நேரம் ஏது!

நாகப்பட்டினம் அப்போது டச்சுக்காரர் வசம். அவர்கள் யார் பக்கமும் இல்லை. ஆனால் கேட்டவனுக்கு வெடிமருந்து விற்கத் தடையில்லை. அந்த ஆகஸ்ட் 3-ஆம் தேதி எங்கள் கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் இங்கிலீஷ் கப்பல்களும் மோதின. பிரெஞ்சுக் கப்பல்கள் பின்வாங்கியதும், லாலி தஞ்சை முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினான். பிறகு சென்னைப் பட்டணத்தை முற்றுகையிட்டபோது, பின்னாலிருந்து அவன் வண்டிகளை மடக்கியும் ஆட்களை வெட்டியும் தூங்கவிடாமல் செய்தவர்களில் முக்கியமானவன் கான்சாகிபு. ஒரு பக்கம் விரட்டினால் மறு பக்கம் வந்து மொய்க்கும் ஈக்கள் என்று லாலி நொந்துகொண்டானாம். ஒரே யுத்தத்தில் எதிரெதிராக நின்ற இவ்விருவரையும் கொன்றது எதிரி அல்ல, எஜமானர்கள்.

சண்டை முடிந்ததும் கான்சாகிபு வேண்டாதவன் ஆனான். மதுரைச் சீமையைத் தனக்கே குத்தகைக்கு விட்டால் வருஷம் 7 லட்சம் தருவதாகச் சொன்னான். நல்ல விலைதான். ஆனால் ஆற்காட்டு நவாபு முகமது அலிக்கு, தன் சீமையில் தனக்கு அடங்காத ஒருவன் பலமாக உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை. கும்பினிக்காரர்கள் நவாபையும் விடாமல், இவனையும் விடாமல் கொஞ்ச நாள் ஆடிவிட்டு, முடிவில் நவாபு பக்கம் சாய்ந்தார்கள். லாரன்ஸ் செய்தது போல ஒருவனை முன்னால் நிறுத்தி, 'நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்கும் மனிதர் இந்தத் தடவை இல்லை. கேட்டிருந்தால் தூக்குக் கயிறு வரை போயிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

1763-இல் அவன் மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். பாவம், அதே வருஷம் பிப்ரவரியில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில் முகமது அலியே கர்நாடக நவாபு என்று பிரெஞ்சு சர்க்கார் ஒப்புக்கொண்டு விட்டிருந்தது. எந்தக் கொடியின் நிழலில் ஒதுங்கினானோ, அந்தக் கொடிக்காரனே இவனுடைய சத்துருவை அங்கீகரித்துவிட்டான்.

கோட்டை லேசில் விழவில்லை. 1763-இல் வந்த படை மழைக்குப் பயந்து திரும்பிற்று. 1764 ஜூன் மாதம் சுவரேறிப் பார்த்தும் முடியவில்லை. மேஜர் காம்பெல் பிறகு சுவரை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தார். வழிகள் அடைபட்டன. திருச்சியில் அரிசி வண்டி ஓட்டி ஊரைக் காத்தவன், இங்கே அரிசி இல்லாமல் தன் ஆட்கள் சுருளுவதைப் பார்த்தான். அவனிடம் சேவகம் செய்த பிரெஞ்சுக்காரன் மர்ஷானோடு மனஸ்தாபம் முற்றிற்று. அவனைச் சவுக்கால் அடித்ததாகவும் சொல்கிறார்கள். அக்டோபர் 13-ஆம் தேதி தொழுகையில் இருந்தவனை மர்ஷானும், திவான் சீனிவாசராவும், வைத்தியர் பாபா சாகிபும் சேர்ந்து பிடித்துக் கட்டினார்கள். கட்டியது அவன் தலைப்பாகைத் துணியாலேயே என்பார்கள். காசு வாங்கிய எதிரி அல்ல. கணக்கு எழுதினவர், நாடி பிடித்தவர், உப்புத் தின்றவர். இரண்டு நாளில், 15-ஆம் தேதி, சம்மட்டிபுரத்துக்குப் பக்கத்தில் நவாபின் உத்தரவுப்படி தூக்கில் போட்டார்கள்.

கயிறு இரண்டு முறை அறுந்தது, உடலைத் துண்டாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள், ஒரு பாகம் தஞ்சாவூருக்கும் வந்தது என்றெல்லாம் ஜனங்கள் சொல்வார்கள். செத்த பிறகும் அவன் எழுந்து வந்துவிடுவானோ என்ற பயம் அந்தப் பேச்சில் இருக்கிறது. 'கான்சாகிபு சண்டை' என்று கதைப்பாடலே உண்டு. அதை நா. வானமாமலை பதிப்பித்தார். இங்கிலீஷ்காரரான எஸ். சி. ஹில் 1914-இல் அவனைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இன்னும் இருக்கிறது.

லாலியின் முடிவும் அப்படியே. 1761 ஜனவரியில் புதுச்சேரியை இங்கிலீஷ்காரரிடம் விட்டுக் கொடுத்தவன் என்று பிரான்சில் ஆத்திரம். இங்கிலாந்தில் யுத்தக் கைதியாக இருந்தவன், பழியைக் கேள்விப்பட்டு, விசாரணைக்குத் தானே அனுமதி வாங்கிக்கொண்டு பாரிஸுக்குப் போனான்! பாஸ்டீல் சிறையில் வருஷக்கணக்கில் வைத்திருந்து, 1766 மே 9-ஆம் தேதி, பேசிவிடாதபடி வாயைக் கட்டித் தலையை வெட்டினார்கள். ஆனால் அவனுக்கு ஒரு மகன் இருந்தான், வால்டேர் இருந்தார். கேஸ் விடாமல் நடந்து, 1778-இல் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. செய்தி வால்டேருக்கு மரணப் படுக்கையில் எட்டியது.

ரத்து செய்ய வேண்டுமானால் முதலில் ஒரு தீர்ப்பு இருக்க வேண்டும். கான்சாகிபுக்கு அது கிடையாது. பிடித்தது அவன் ஆட்கள், ஒப்புவித்தது கும்பினி, தூக்கிலிட்டது நவாபு. வாதியும் பிரதிவாதியும் இல்லாத இந்த விவகாரத்தில் எஞ்சியது சம்மட்டிபுரத்துப் புதைகுழி ஒன்றுதான். 1808-இல் அதன்மேல் ஒரு சின்னப் பள்ளிவாசல் எழும்பிற்று. கான்சாகிபு பள்ளிவாசல் என்று கேட்டால் வழி சொல்வார்கள்.