மாலை 6 மணி முதல் 7 மணி வரை

1/ 2021 ஏப்ரல் 6. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நாள். எனக்கு கொரோனா வார்டில் டியூட்டி. ஆக்சிஜனில் இருந்த 52 வயது நோயாளி ஒருவர் கேட்டார்:

"சார், சாயங்காலம் 6 மணிக்கு மேல எங்களை மாதிரி ஆளுங்களும் ஓட்டுப் போடலாமாமே? ஒரு மணி நேரம் விடுங்க சார், போட்டுட்டு வந்துடறேன்."

விட முடியல. அந்தக் கேள்விதான் இந்தத் திரெட்.

2/ முதலில், எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு ஒரு உதாரணம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், 2020 ஏப்ரல் 7. தேர்தலைத் தள்ளிவைக்க ஆளுநர் முந்தைய நாள் போட்ட உத்தரவை மாநில உச்ச நீதிமன்றம் அன்றே நிறுத்திவிட்டது. வாக்குச்சாவடிப் பணியாளர்களில் பலர் வயதானவர்கள். தொற்றுக்குப் பயந்து விலகிவிட்டார்கள்.

மில்வாக்கி நகரில் வழக்கமாக 180 சாவடிகள். அன்று திறந்தது வெறும் 5!

3/ விளைவு? மணிக்கணக்கில் வரிசை. தபால் ஓட்டுக்கு விண்ணப்பித்தும் வாக்குச்சீட்டு கைக்கு வராதவர்களும் அதே வரிசையில்.

கணக்கு சிம்பிள்தான். கதவை மூடினால் கூட்டம் குறையாது. திறந்திருக்கும் கதவில் போய்க் குவியும்.

4/ எட்டே நாளில், ஏப்ரல் 15 அன்று, தென் கொரியா நாடாளுமன்றத் தேர்தலை நடத்தியது. அங்கே கதவுகளைக் கூட்டினார்கள்.

ஏப்ரல் 10, 11 தேதிகளிலேயே முன்கூட்டி வாக்களிக்கலாம். முன்பதிவு வேண்டாம், நாட்டின் எந்த முன்வாக்கு மையத்திலும் போடலாம். வாசலில் காய்ச்சல் பரிசோதனை, சானிடைசர், பிளாஸ்டிக் கையுறை. காய்ச்சல் இருந்தால் திருப்பி அனுப்பவில்லை, தனிச் சாவடி. தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு மாலை 6 மணிக்குப் பிறகு.

5/ வாக்குப்பதிவு 66.2%. 1992க்குப் பிறகு அதுவரை நடந்த அவர்களின் நாடாளுமன்றத் தேர்தல்களில் இதுதான் அதிகம். வாக்களிக்கப் போனதால் தொற்று பரவியதாக ஒரு கேஸ்கூட கண்டறியப்படவில்லை என்று இரண்டு வாரம் கழித்து அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது.

முக்கியமான விஷயம்: கொரோனா சிகிச்சை மையங்களிலேயே சிறப்பு வாக்குச்சாவடி வைத்தார்கள்.

6/ இனி நம்ம ஊர். நல்லதைச் சொல்லணும். ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 1,000 வாக்காளர் என்று குறைத்ததால் சாவடிகள் 88,900ஐத் தாண்டின. 80 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கொரோனா நோயாளிகளுக்குத் தபால் ஓட்டு. கடைசி ஒரு மணி நேரம் தொற்றாளர்களுக்கு.

(முகக்கவசம் இல்லாத பிரசாரக் கூட்டங்கள் தனிக் கதை. அந்தப் பழியைச் சாவடி மேல் போடக் கூடாது.)

7/ ஓட்டை எங்கே? தபால் ஓட்டுக்கான 12டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் தரணும். அறிவிக்கை மார்ச் 12. ஏப்ரலில் பாசிட்டிவ் ஆனவர் என்ன செய்வார்? அவருக்கு மிச்சம் அந்த 6 டூ 7 மட்டுமே. அதுவும் எழுந்து நடக்க முடிந்தால்!

வைரஸ் கடைசித் தேதி பார்த்து வராதுங்க.

8/ அடுத்த பெருந்தொற்று வரும்போது விதிகளை அவசரத்தில் எழுதாமல், இப்போதே இரண்டு மட்டும் சேர்க்கலாம்: நோயாளிகளுக்குக் கடைசி நேர விண்ணப்பம், வார்டுக்கே வரும் வாக்குப்பெட்டி.

அந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனார். போகும்போது விரலைக் காட்டிச் சொன்னார்: "மை இல்லாமப் போறேன் சார்."