குற்றம், காலம், உடன்பாடு: சிங்கப்பூர் மணவிலக்குச் சட்டத்தின் மூன்று கட்டங்கள்

மணவிலக்குச் சட்டத்தின் வரலாற்றை ஆராய்வோர் அதன் காரணங்களையே முதன்மையாகக் கருதுவர். காத்திருப்புக் காலத்தைத் துணை விதியாகவே கொள்வர். இவ்விரண்டும் பிரிக்கவியலாதவை என்பதைச் சிங்கப்பூர் வரலாறு புலப்படுத்துகின்றது.

1961 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த மாதர் சாசனம், முஸ்லிம் அல்லாதோரிடையே ஒருதார மணத்தை நிலைநாட்டியது. அதுவரை இந்துத் திருமணங்களும் சீன வழக்காற்றுத் திருமணங்களும் பலதார மணத்திற்கு இடமளித்தன. மணவிலக்குக் கோருவோர், மணத்திற்குப் புறம்பான உறவு, கொடுமை, கைவிடல் போன்ற குற்றங்களை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

1980ஆம் ஆண்டுத் திருத்தம், மணவாழ்வு மீட்க இயலாதவாறு முறிந்தமையே ஒரே காரணம் என வகுத்தது. எனினும் அம்முறிவை ஐந்து வழிகளுள் ஒன்றால் நிறுவ வேண்டும். அவற்றுள் இரண்டு பிரிந்து வாழ்தலைச் சார்ந்தவை: மற்றவர் இசைந்தால் மூன்றாண்டுகள், இசையாவிடில் நான்காண்டுகள். இங்கிலாந்தின் 1969ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு முறையே இரண்டு, ஐந்து ஆண்டுகளை விதித்திருந்தது. இங்குக் காலமே சான்றாயிற்று.

இச்சான்றைத் திரட்டுவது எளிதன்று. சுவா சூ காங் போன்ற புதுநகர்களின் வீவக அடுக்குமாடி வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். ஒரே கூரையின்கீழ்த் தனித்தனிக் குடித்தனம் நடத்துவோரும் பிரிந்து வாழ்வோராகக் கருதப்படலாம். ஆயினும் சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றேயாகிய வீட்டில் அதனை மெய்ப்பிப்பது கடினம். வேறு வீடு தேடவோ பொருள் வேண்டும். துணையின் நடத்தையைக் குறைகூறுவோர்க்கு இக்காத்திருப்பு இல்லை. எனவே, அமைதியாகப் பிரிய விரும்பியோரைச் சட்டம் காக்கவைத்தது; குற்றஞ்சாட்டியோர்க்கு விரைவான வழியைத் திறந்தது. அக்குற்றச்சாட்டுகளின் கசப்பு பிள்ளைகளையும் சென்றடைந்தது.

2022 ஜனவரியில் நிறைவேற்றப்பட்டு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள திருத்தம், இருவர் உடன்பாட்டை ஆறாவது வழியாகச் சேர்த்தது. தம்பதியர் முறிவுக்கான காரணங்களையும் இணக்க முயற்சிகளையும் பிள்ளைகள், பொருள் குறித்த ஏற்பாடுகளையும் எடுத்துரைத்தல் வேண்டும். இணக்கத்திற்கு நியாயமான வாய்ப்பிருப்பின் நீதிமன்றம் உடன்பாட்டை மறுத்தாக வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவும் உடன்பாட்டை ஏற்றது. ஆனால் ஓராண்டுப் பிரிவையும் ஆறு மாதக் காத்திருப்பையும் கோரியது. அவ்வாறு மாதத்தைத் தக்க வழக்குகளில் தளர்த்தலாம் என 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிங்கப்பூரில் காலம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. மணமான மூன்றாண்டுகளுக்குள் பொதுவாக மனுச் செய்ய இயலாது. இடைக்காலத் தீர்ப்பு இறுதியாக மூன்று மாதங்கள் கழிதல் வேண்டும். முன்னர்க் காலம் முறிவுக்குச் சான்றாக நின்றது. உடன்பட்டுப் பிரிவோர்க்கு இன்று அது மறுசிந்தனைக்கான இடைவெளியாக மட்டுமே நிற்கின்றது. இதுவே இச்சட்ட வரலாற்றின் மையமான மாற்றம் எனலாம்.