சுகுமாரி (நடிகை)

சுகுமாரி (அக்டோபர் 6, 1940 - மார்ச் 26, 2013) தமிழ், மலையாளம் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் நடித்த திரைப்பட, மேடை, தொலைக்காட்சி நடிகை ஆவார். பத்து வயதில் திரைக்கு வந்த இவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்தார். கதாநாயகியாக அல்லாமல் தாய், மாமியார், அத்தை, பாட்டி முதலிய குணச்சித்திர வேடங்களிலும் நகைச்சுவை வேடங்களிலுமே புகழ் பெற்றார். இவர் நடித்த படங்கள் 2,500க்கும் மேல் என்று நாளிதழ்கள் எழுதுவதுண்டு.

பிறப்பும் இளமையும்

சுகுமாரி நாகர்கோவிலில் மாதவன் நாயர், சத்தியபாமா அம்மா இணையருக்குப் பிறந்தார். பேச்சிப்பாறை அணையின் நீரால் விளையும் நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கிய பகுதி அது. அப்பகுதி 1956 நவம்பர் 1 அன்றுதான், கன்னியாகுமரி மாவட்டமாக, அப்போதைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இவரை மலையாள நடிகை என்று மட்டும் குறிப்பிடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

'திருவாங்கூர் சகோதரிகள்' எனப் பெயர்பெற்ற லலிதா, பத்மினி, ராகினி மூவரும் இவருக்கு நெருங்கிய உறவினர்கள். சிறுவயதிலேயே சென்னைக்கு வந்து நடனம் கற்ற சுகுமாரி, அவர்களுடைய நடனக் குழுவில் சேர்ந்து பல இடங்களில் ஆடினார். ராகினியுடன் படப்பிடிப்பைக் காணச் சென்றபோதே நடிக்கும் வாய்ப்பு வந்தது. அண்ணாதுரையின் கதையை ஒட்டி ப. நீலகண்டன் இயக்கிய ஓர் இரவு (1951) இவரது முதல் படம்.

தமிழில்

தொடக்க காலப் படங்கள் பலவற்றில் நடனமே இவரது பங்காக இருந்தது. பாசமலர் (1961) படத்தின் திருமணப் பாடலில் தோழியாக முன்னின்று ஆடுபவர் சுகுமாரியே. பாடலை அறிந்தவர்களில் பலர் ஆடியவரின் பெயரை அறியார். அப்படத்தின் இயக்குநர் அ. பீம்சிங்கை இவர் 1959இல் மணந்திருந்தார். பீம்சிங் 1978 சனவரியில் மறைந்தபோது சுகுமாரிக்கு வயது 37. இவர்களுக்கு ஒரு மகன் உண்டு. கணவரின் மறைவுக்குப் பின்னரும் இவர் நடிப்பைத் தொடர்ந்தார். புகழ்பெற்ற வேடங்கள் பலவும் அதற்குப் பின் வந்தவையே.

சோ ராமசாமியின் விவேகா பைன் ஆர்ட்ஸ் நாடகக் குழுவில் நீண்ட காலம் நடித்தார். அரசியல் நையாண்டியான முகம்மது பின் துக்ளக் 1971இல் திரைப்படமானபோது அதிலும் நடித்தார். வசனத்தைச் சிரிப்பு வரும்படி உரிய நொடியில் விடும் திறமைக்கு இம்மேடைப் பயிற்சியே அடிப்படை எனலாம். பட்டிக்காடா பட்டணமா (1972) படத்தில் மேல்நாட்டு நாகரிகத்தில் மயங்கிய தாயாக இவர் செய்த வேடம் அதற்கு நல்ல சான்று. பிற்காலத்தில் யாரடி நீ மோகினி (2008) படத்தில் பாட்டியாக வந்தார்.

மலையாளத்தில்

மலையாளத்தில் இவருக்குக் கிடைத்த இடம் இன்னும் பெரியது. பிரியதர்சனின் பூச்சைக்கொரு மூக்குத்தி (1984), போயிங் போயிங் (1985) போன்ற நகைச்சுவைப் படங்கள் இவரை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தின. பத்மராஜனின் கூடெவிடே (1983) முதலிய படங்களுக்காகக் கேரள அரசின் விருதும் பெற்றார். அடூர் கோபாலகிருஷ்ணனின் நிழல்குத்து (2002) படத்தில் தூக்கிலிடுபவர் ஒருவரின் மனைவி மரகதமாக நடித்தார். அப்படத்தின் கதை நிகழ்வது 1940களின் திருவிதாங்கூரில், அதாவது சுகுமாரி பிறந்த காலத்திலும் நாட்டிலும். மிழிகள் சாட்சி (2008) படத்தில் மரண தண்டனை பெற்ற மகனுடைய தாயாக நடித்தார். சிரிக்க வைப்பவர் என்று மட்டும் இவரை அறிந்தோர் காண வேண்டிய படம் அது.

விருதுகள்

2003இல் இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது. சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது, மோகன் சர்மா இயக்கிய நம்ம கிராமம் படத்திற்காக, 2010ஆம் ஆண்டுக்கான 58ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் கிடைத்தது. மலையாளத்தில் அத்தனை படங்களில் நடித்திருந்தும், எழுபதாவது வயதில் இவ்விருதைப் பெற்றுத் தந்தது தமிழ்ப் படமே.

மறைவு

2013 பிப்ரவரி இறுதியில் சென்னையில் உள்ள தம் வீட்டுப் பூசையறையில் விளக்கேற்றியபோது தீக்காயமடைந்தார். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த அவரை அப்போதைய தமிழக முதல்வர் ஜெயலலிதா நேரில் சென்று பார்த்தார். பட்டிக்காடா பட்டணமா படத்தில் ஜெயலலிதாவுக்குத் தாயாக நடித்தவர் சுகுமாரி. ஒரு மாதம் கழித்து, மார்ச் 26 அன்று, மாரடைப்பால் காலமானார்.