கரைப்பறவை நோக்கல் (கொங்கு நாடு)

நீர்விளிம்பின் சேற்றில் நடந்து புழு, பூச்சி, சிறு நத்தை ஆகியவற்றை இரைகொள்ளும் உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் முதலிய இனங்கள் கரைப்பறவைகள் எனப்படும். இவற்றுள் வலசை வருபவை, அதாவது பருவந்தோறும் நெடுந்தொலைவு இடம்பெயர்பவை, பழவேற்காடு, கோடியக்கரை ஆகிய கடலோர நீர்நிலைகளில் பெருந்திரளாகக் கூடினாலும், கடலில்லாத கொங்கு நாட்டு ஏரிகளையும் நாடுகின்றன. கோபிசெட்டிபாளையத்துக்குத் தென்கிழக்கே வெள்ளோடு ஏரியும், தெற்கே திருப்பூரையொட்டி ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புள்ள நஞ்சராயன் குளமும் இவற்றை நோக்குவதற்குச் சிறந்த களங்களாகும். பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் முன்னது 2022இலும் பின்னது 2024இலும் சேர்க்கப்பட்டன.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீர் வற்றிச் சேற்றுத்திட்டுகள் வெளிப்படுவதாலும், வடக்கே திரும்பவிருக்கும் பறவைகள் இனப்பெருக்கக் கால நிறத்தை அடையத் தொடங்குவதாலும், கோடைத் தொடக்கம் நோக்கலுக்கு உகந்தது. ஆர்க்டிக் பகுதியில் முட்டையிடும் கொசு உள்ளான் அப்போது சாம்பல் நிறம் மாறிச் செம்பழுப்பேறி, தையல் இயந்திர ஊசிபோல் இடைவிடாது சேற்றைக் கொத்தும். பொரி உள்ளானை முதுகின் வெண்புள்ளிகளாலும் வெண்புருவத்தாலும் அறியலாம். அலகின் நீளம், கால் நிறம், குரல் ஆகியவை இனங்காண உதவுகின்றன.

ஏரியின் ஆழமற்ற விளிம்பே இப்பறவைகளின் உணவுக்களம் என்பதால், தூர்வாரும்போது கரைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவான சேற்றுப்பரப்பை விட்டுவைப்பதும், கழிவுநீர் கலவாமல் காப்பதும் இன்றியமையாதவை.